பி53 இவ்வளவு பழுப்பாக ஏறியிருக்கிறது, அப்புறம் எப்படி அது ‘இழந்த’ மரபணு? இரண்டு பிளாக்குகள், சில சந்தேகங்கள்

பேத்_மாணவி

வணக்கம். பயிற்சிக்குக் கொடுத்த இரண்டு கேஸ்கள் குழப்புகின்றன. இரண்டுமே சினைப்பையின் ஹை-கிரேடு சீரஸ் கார்சினோமா.

பிளாக் (மெழுகில் பதித்த திசு) ஏ: பி53 ஐஹெச்சி, அதாவது ஆன்டிபாடி கொண்டு பி53 புரதத்தைப் பழுப்பாகக் காட்டும் ஸ்டெயின்; ஆன்டிபாடி டிஓ-7 குளோன். கட்டிச் செல்களின் உட்கருக்களில் ஏறத்தாழ 90% அடர் பழுப்பு. என்ஜிஎஸ் (டிஎன்ஏ சீக்வென்சிங்) ரிப்போர்ட்டில் டிபி53 (பி53 புரதத்தின் மரபணு) ஆர்273ஹெச், அதாவது சி.818ஜி>ஏ. விஏஎஃப், அதாவது படித்த டிஎன்ஏ துண்டுகளில் (ரீடுகளில்) மாற்றம் தெரியும் பங்கு, 58%; அந்த இடத்தில் 940 ரீடுகள். ஸ்லைடு பார்த்துக் குறித்த கட்டிச் செல் விகிதம் 60%.

பிளாக் பி: கட்டிச் செல் ஒன்றில்கூட நிறம் ஏறவில்லை. என்ஜிஎஸ் ரிப்போர்ட்டில் “டிபி53 மாற்றம் காணப்படவில்லை” என்று ஒரே வரி. கட்டிச் செல் விகிதம் 50%.

கட்டி அடக்கி மரபணு என்றால் இரண்டு பிரதியும் போனால்தான் புற்று என்று படித்தோம். ஏ-யில் புரதம் காணாமல் போகாமல் குவிந்து கிடக்கிறதே, ஏன்? 58% என்பது 50-ஐத் தாண்டுகிறது, அப்படியானால் பிறவியிலேயே வந்த மாற்றமா, குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமா? பி-யில் ஸ்டெயினை நம்புவதா, சீக்வென்சிங்கை நம்புவதா?

பழைய_நுண்ணோக்கி

ஸ்லைடு பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், எண் கணக்கை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

நல்ல நிலையிலுள்ள பி53 செல்லுக்குள் தங்குவதே இல்லைம்மா. எம்டிஎம்2 என்ற புரதம் அதைப் பிடித்து யுபிக்விட்டின் ஒட்டி அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. அரை ஆயுள் 20 நிமிடம் போல. அந்த எம்டிஎம்2-வை உருவாக்கச் சொல்லி ஆணையிடுவதும் பி53-தான். தன்னை அழிக்கும் ஆளைத் தானே வேலைக்கு வைக்கிற ஏற்பாடு. ஆர்273ஹெச் போன்ற மிஸ்சென்ஸ் மாற்றத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறுகிறது. முழு நீளப் புரதம் உருவாகிறது, ஆனால் டிஎன்ஏ-வைப் பிடிக்க முடியாது. ஆகவே எம்டிஎம்2 ஆணை குறைகிறது, அழிவும் குறைகிறது, செயலற்ற புரதம் மணிக்கணக்கில் உட்கருவில் குவிகிறது. நீங்கள் பார்க்கும் பழுப்பு அந்தச் செயலற்ற சரக்கு.

ஆகவே பி53-ஐ ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று எழுதும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். 10% செல் நிறம் ஏறினால் பாசிட்டிவ் என்ற பழைய கோடு ஒரு தலைமுறை ஆய்வுகளையே குழப்பியது. எழுத வேண்டியது வடிவம். இயல்பு வடிவத்தில் சில உட்கரு அடர்த்தியாக, சில மங்கலாக, சில வெறுமையாக, கலந்து கிடக்கும். 80 சதவீதத்துக்கு மேல் உட்கருக்கள் ஒரே சீராக அடர்த்தியாக இருந்தால் அதிக வெளிப்பாடு; பெரும்பாலும் மிஸ்சென்ஸ். கட்டியில் முழு வெறுமை, பக்கத்து ஸ்ட்ரோமாவில் (கட்டியைச் சூழ்ந்த இணைப்புத் திசுவில்) நிறம் இருந்தால் ‘நல்’ வடிவம் (ஆங்கில null, ‘ஒன்றுமில்லை’; நல்லது என்று பொருள் அல்ல). பெரும்பாலும் புரதத்தைப் பாதியில் நிறுத்தும் ஸ்டாப், எழுத்து வரிசையை நகர்த்தும் ஃபிரேம்ஷிஃப்ட், ஆர்என்ஏ ஒட்டுதலைக் கெடுக்கும் ஸ்ப்ளைஸ் மாற்றம் அல்லது மரபணுவே அறுந்து போனது. நான்காவது அரிது: சைட்டோபிளாசம் முழுக்க நிறம். உட்கருவுக்குள் செல்லும் முகவரிச் சீட்டு இருக்கும் 305–322 பகுதியோ அதற்குப் பிந்தைய பகுதியோ சிதைந்தால் இப்படி வரும்.

பி பிளாக்குக்கு வருகிறேன். வெறுமை என்று முடிவு கட்டும் முன் ஃபைப்ரோபிளாஸ்ட், லிம்போசைட், ரத்தக்குழாய் உட்படலம் ஆகியவற்றில் மங்கலாகவாவது நிறம் இருக்கிறதா என்று 40எக்ஸ்-இல் பாருங்கள். அவையும் வெறுமையாக இருந்தால் அது நல் வடிவம் இல்லை, தோல்வியடைந்த ஸ்டெயின். காரணம் எப்போதும் பழைய ஆசாமிகள்தான்: ஃபார்மலினில் 6 மணிக்குக் குறைவாக ஊறியது, அல்லது நாட்கணக்கில் மறந்துபோய்க் கிடந்தது, ஆன்டிஜென் மீட்பு போதாமை, வெட்டி வைத்து மாதக்கணக்கில் கிடந்த ஸ்லைடு. மீட்புக்கு டிரிஸ்-ஈடிடிஏ பிஹெச் 9, 95–98 டிகிரியில் 20 நிமிடம், 4 மைக்ரான் வெட்டு என்று தொடங்கி உங்கள் லேபில் சரிபாருங்கள். கன்ட்ரோலாக டான்சில் வையுங்கள். அதில் அடித்தளப் படல செல்களும் ஜெர்மினல் சென்டரும் கலவையாக நிறம் ஏற வேண்டும். நிறமே ஏறாத டான்சில் வரும் நாளில் ‘நல்’ என்று ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகக் கூடாது. அடர் பழுப்பான கட்டியை மட்டும் கன்ட்ரோலாக வைத்தால் உணர்திறன் குறைந்திருப்பது தெரியவே தெரியாது, அது ஒரு பொதுவான தவறு.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கீமோ, கதிர்வீச்சு முடித்து வந்த திசுவில் இயல்பான பி53-உம் எழும்பும். நிறைய செல்களில் நிறம் இருக்கும், ஆனால் அடர்த்தி ஏற்றத்தாழ்வாகவே இருக்கும். எண்ணிக்கையைவிட அந்தச் சீரின்மையைப் பாருங்கள்.

அல்லீல்

58-க்கு வருவோம். 50-ஐத் தாண்டினால் பிறவி மாற்றம் என்பது மிகப் பரவலான தவறான வாசிப்பு. விஏஎஃப் என்பது மூன்று விஷயங்களின் கலவை: எத்தனை விழுக்காடு கட்டிச் செல், ஒரு கட்டிச் செல்லில் மொத்தம் எத்தனை பிரதி, அதில் எத்தனை மாறியது.

கட்டிச் செல் விகிதம் வி, மாறிய பிரதிகள் ம, மொத்தப் பிரதிகள் க என்று வைத்தால், உடலில் பின்னால் தோன்றிய மாற்றத்துக்கு:

விஏஎஃப் = (வி × ம) ÷ (வி × க + 2 × (1 − வி))

வி 0.6 என்று எடுத்துப் போடுங்கள். ஒரு பிரதி மாறி மறுபிரதி நலமாக இருந்தால் 0.6 ÷ 2 = 30%. மறுபிரதி அறுந்து போயிருந்தால் 0.6 ÷ 1.4 = 43%. மறுபிரதி போய், மாறிய பிரதியே இரட்டித்து அந்த இடத்தை நிரப்பியிருந்தால், அதாவது பிரதி எண்ணிக்கை மாறாத எல்ஓஹெச் (மறுபிரதி இழப்பு) என்றால், 1.2 ÷ 2 = 60%. உங்கள் 58 இதற்குப் பக்கத்தில் வருகிறது.

பிறவி மாற்றம் என்றால் இயல்புச் செல்களிலும் ஒரு பிரதி இருக்கும். மேல்வரியில் (1 − வி) கூட்டிக்கொள்ளுங்கள். எல்ஓஹெச் இல்லையென்றால் 50%. அறுந்திருந்தால் 1 ÷ 1.4 = 71%. இரட்டித்திருந்தால் 1.6 ÷ 2 = 80%. உங்கள் எண் இதில் எதிலும் சரியாக உட்காரவில்லை. 940 ரீடுகளில் 58% என்றால் எண்ணிக்கைத் தற்செயல் மட்டும் 55 முதல் 61 வரை நகர்த்தும். 50-க்கோ 71-க்கோ அது எட்டாது.

ஆனால் 60% என்ற கட்டிச் செல் விகிதத்தைக் கல்வெட்டாக எடுக்காதீர்கள். கண்ணால் மதிப்பிடும் எண் 10–15 புள்ளி தவறுவது சகஜம். லிம்போசைட்டுகள் சிறியவை, பரப்பில் குறைவாகத் தெரியும், டிஎன்ஏ மட்டும் முழுசாகத் தரும். உண்மையில் விகிதம் 73% என்றால் வெறும் அறுபடல் எல்ஓஹெச்-உம் 0.73 ÷ 1.27 = 57.5% தரும். இரண்டையும் பிரிக்க விஏஎஃப் போதாது, அந்த இடத்தின் கவரேஜ் விகிதம் (அங்கே விழுந்த ரீடுகள், சராசரியோடு ஒப்பிட்டு) வேண்டும். இரட்டித்த எல்ஓஹெச் என்றால் லாக்2 மதிப்பு 0 அருகே. 73 விழுக்காட்டில் அறுபடல் என்றால் லாக்2(1.27 ÷ 2), ஏறத்தாழ −0.65. இதிலும் ஒரு கண்ணி உண்டு: சீரஸ் கட்டிகளில் மொத்த மரபணுத் தொகுதியும் இரட்டிப்பது அடிக்கடி நடக்கும். மற்ற குரோமோசோம்கள் நான்கு பிரதியில் இருக்க, டிபி53 இருக்கும் 17பி-யில் (17-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில்) இரண்டு மட்டும் இருந்தால், எண்ணிக்கைப்படி இரண்டு பிரதி இருந்தும் மென்பொருள் அதை −0.8 என்று ‘இழப்பாக’க் காட்டும். தவறு சொல்லவில்லை, சராசரியோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு குறுக்குவழி. டிபி53-இன் 4-ஆம் எக்ஸானில் (மரபணுவில் புரதக் குறியீடு இருக்கும் துண்டு) கோடான் 72-இல் (ஓர் அமினோ அமிலத்துக்கான மூன்றெழுத்து) புரோலின்/ஆர்ஜினின் என்ற சாதாரணப் பாலிமார்ஃபிசம் (பிறவி வேறுபாடு) இருக்கிறது, சி.215சி>ஜி. மக்கள்தொகையில் இரண்டு வடிவமும் தாராளம் என்பதால் ரிப்போர்ட் தயாராகும்போது வடிகட்டி எறியப்படும். வடிகட்டாத விசிஎஃப் கோப்பில் (கண்ட மாற்றங்களின் முழுப் பட்டியல்) தேடுங்கள். நோயாளிக்கு இரண்டு வடிவமும் இருந்தால் அது அதே மரபணுவுக்குள் பிறவியிலேயே பதித்த ஒரு அளவுகோல். இரத்தம் எடுக்காமலேயே பாதி பதில் கிடைக்கும்.

பேத்_மாணவி

நன்றி சார், நன்றி அல்லீல். பார்த்துவிட்டேன். பிளாக் ஏ-யில் பி72ஆர் (கோடான் 72-இன் அந்த ஆர்ஜினின் வடிவம்) இருக்கிறது, விஏஎஃப் 79%. 17பி லாக்2 மதிப்பு −0.06. பிளாக் பி-யில் ஸ்ட்ரோமாவும் லிம்போசைட்டும் தெளிவாக நிறம் ஏறியிருக்கின்றன, டான்சிலும் சரி. பி-யின் பேனல் (படிக்கத் தேர்ந்தெடுத்த மரபணுத் துண்டுகளின் தொகுப்பு) விவரத் தாளில் “டிபி53: எக்ஸான் 5–8” என்று போட்டிருக்கிறது. ஆழம், அதாவது ஓர் இடத்தில் விழுந்த ரீடுகள், 500-க்கு மேல்.

அல்லீல்

ஏ முடிந்தது. பிறவிப் பாலிமார்ஃபிசம் 79-இல் நிற்கிறது, இரட்டித்த எல்ஓஹெச் கணக்கு சொன்ன 80. ஆர்273ஹெச் பிறவியாக இருந்திருந்தால் அதுவும் அதே பெருக்கலுக்கு உட்பட்டு 80 பக்கம் நின்றிருக்க வேண்டும், எதிர்க்குரோமோசோமில் இருந்திருந்தால் 20. 58-இல் நிற்கிறது என்றால் கட்டிச் செல்களில் மட்டும், இரண்டு பிரதியிலும் இருக்கிறது என்று பொருள். லாக்2 பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பதும் ஒத்துப்போகிறது. ஆக உங்கள் பாடப்புத்தகத்தின் ‘இரண்டு அடி’ இங்கேயும் நடந்திருக்கிறது: முதல் அடி எழுத்துப்பிழை, இரண்டாம் அடி நலமான பிரதியைத் தூக்கி எறிந்து பிழையானதை நகலெடுத்தது. இரண்டாம் அடி சீக்வென்சில் புதிய பிழையாகத் தெரியாது, விகிதத்தில் மட்டும் தெரியும்.

எக்ஸான் 5–8 என்பதுதான் பி-யின் முதல் சந்தேக நபர். அந்த நான்கும் கோடான் 126 முதல் 306 வரை. ஹாட்ஸ்பாட் (அடிக்கடி மாறும் இடம்) மிஸ்சென்ஸ்கள் அங்கேதான் குவிகின்றன, அதனால் பழைய பேனல்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் நல் வடிவம் தரும் ஸ்டாப், ஃபிரேம்ஷிஃப்ட் மாற்றங்களுக்கு ஹாட்ஸ்பாட் பற்று அவ்வளவு இல்லை. எக்ஸான் 4, 9, 10 எங்கும் விழும். உங்கள் கேஸில் ஸ்டெயின் எந்த வகை மாற்றத்தை எதிர்பார்க்கச் சொல்கிறதோ, அந்த வகையை மோசமாகப் பார்க்கும் பேனல் அது.

செய்ய வேண்டியவை, விலை மலிவான வரிசையில். முதலில் பிஏஎம் கோப்பை (ரீடுகள் அடங்கியது) ஐஜிவி என்ற காட்சி மென்பொருளில் திறந்து கண்ணால் பாருங்கள். மரபணு எதிர் இழையில் இருக்கிறது, ஆகவே எல்லா எழுத்தும் தலைகீழாகத் தெரியும்: ஆர்273ஹெச் ரிப்போர்ட்டில் ஜி>ஏ, திரையில் சி>டி. புதிதாகப் பார்ப்பவர்கள் இதில் ஒரு மணி நேரம் தொலைப்பார்கள். ரீடுகளின் வால் ஒரே இடத்தில் சீராக வெட்டுப்பட்டு வண்ணமாகத் தெரிந்தால், அதாவது சாஃப்ட்-கிளிப், நீளமான டிலீஷன் (எழுத்துகள் அறுந்தது) அல்லது முறிவு ஒளிந்திருக்கிறது. 100–150 எழுத்து ரீடுகளில் 20–30 எழுத்துக்கு மேற்பட்ட டிலீஷனைப் பல காலர்கள் (மாற்றம் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள்) தவறவிடும்.

அடுத்து, ஆம்ப்ளிகான் முறையா (பிரைமர் வைத்துப் பெருக்குவது), கேப்சர் முறையா (புரோப் வைத்துப் பிடிப்பது) என்று கேளுங்கள். ஆம்ப்ளிகான் என்றால் பிரைமர் உட்காரும் இடமே அறுந்திருந்தால் அந்தப் பிரதி பெருகவே பெருகாது. இயல்புச் செல்களின் நல்ல பிரதி மட்டும் பெருகும், ஆழம் 500 அழகாக நிற்கும், “மாற்றம் இல்லை” என்று ரிப்போர்ட் வரும். ஆழம் நன்றாக இருப்பது கட்டியின் டிஎன்ஏ படிக்கப்பட்டதற்கு அத்தாட்சி இல்லை.

மூன்றாவது, ‘சினானிமஸ்’ என்று வடிகட்டியதைத் திரும்ப எடுங்கள். சி.375ஜி>ஏ அமினோ அமிலத்தை மாற்றாது, டி125 அப்படியே டி125. ஆனால் அது எக்ஸான் 4-இன் கடைசி எழுத்து. மாறினால் ஸ்ப்ளைசிங் கெட்டுப்போகும். எக்ஸான் 6-இன் கடைசி எழுத்தான சி.672ஜி>ஏ-யும் அதே ரகம். இரண்டும் நோய் விளைவிப்பவை, இரண்டும் தானியங்கி வடிகட்டியில் குப்பைக்குப் போகக்கூடியவை.

இவற்றில் எதுவும் இல்லையென்றால்தான் எக்ஸான் 2–11 முழுதும், இன்ட்ரான் ஓரங்களோடு, கேப்சர் பேனலில் மறுபடி. முழு மரபணு அறுபடலுக்கு எம்எல்பிஏ அல்லது பிரதி எண் கணக்கு. முதல் இன்ட்ரானில் முறிவு விழுந்து மரபணு இரண்டாகும் வழக்கம் ஆஸ்டியோசார்கோமாவில் பெயர் பெற்றது. எக்ஸான்களை மட்டும் படிக்கும் எந்தப் பேனலும் அதைப் பார்க்காது.

நான்மடி

பழைய_நுண்ணோக்கி சார் சொன்ன எம்டிஎம்2 விளக்கம் பரீட்சைக்குப் போதும், ஆனால் முழுக்கதை இல்லை. லி-ஃப்ரௌமெனி (பிறவி டிபி53 மாற்றத்தால் வரும் பரம்பரைப் புற்று நோய்க்குறி) நோயாளிகளைப் போல உடல் முழுதும் மிஸ்சென்ஸ் பி53 வைத்துப் பிறக்கச் செய்த எலிகளில், இயல்பான திசுக்களில் அது குவிவதில்லை, கட்டியில்தான் குவிகிறது. ஆக, மாற்றம் மட்டும் போதாது. கட்டிச் செல்லின் அழுத்தச் சமிக்ஞைகளும், சிதைந்த புரதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹெச்எஸ்பி90 போன்றவையும் சேர வேண்டும்.

‘ஒரு அடி மாறிய புரதம், இரண்டாம் அடி இழப்பு’ என்பதற்கு இடையில் ஒரு படி இருக்கிறது. பி53 நான்கு பேர் சேர்ந்து இழுக்கும் தேர். டெட்ராமராக இருந்தால்தான் வேலை செய்யும். நலமானதும் மாறியதும் சம அளவில் கலந்தால் நான்கும் நலமான தேர் 16-இல் ஒன்று என்று பாடப்புத்தகம் கணக்குப் போடும். அதை அப்படியே எழுதாதீர்கள். ரைபோசோமில் உருவாகும்போதே ஒரே ஆர்என்ஏ-வில் பிறந்த இரண்டும் ஜோடி சேர்ந்துவிடுகின்றன, பிறகு ஜோடிகள் சேர்ந்து நான்காகின்றன. அப்படிப் பார்த்தால் 4-இல் ஒன்று நலம், 2 கலப்பு, ஒன்று முழுக்கச் சிதைவு. இது குறைந்த பாதிப்பு இல்லைதான், ஆனால் 16-இல் ஒன்றும் இல்லை. இந்த முடக்கத்துக்கு டாமினன்ட் நெகட்டிவ் என்று பெயர். இதனால்தான் மறுபிரதி போகும் முன்பே செல்லுக்கு ஓரளவு ஆதாயம் கிடைத்துவிடுகிறது, டிபி53-இல் மிஸ்சென்ஸ் இவ்வளவு பெரும்பான்மை. ஆர்பி1, ஏபிசி, பிஆர்சிஏ1 போன்ற மற்றக் கட்டி அடக்கிகளைப் பாருங்கள், அங்கே ஸ்டாப்பும் ஃபிரேம்ஷிஃப்டும்தான் ராஜா.

1979-இல் பி53 கண்டறியப்பட்டபோது பத்து வருடம் அதை ஆங்கோஜீன் (புற்றைத் தூண்டும் மரபணு) என்றே நம்பினார்கள். ஆய்வகங்கள் கையில் வைத்திருந்த குளோன்களில் பல, மாற்றமடைந்த வடிவங்கள். 1989-இல்தான், நலமான வடிவம் செல் உருமாற்றத்தைத் தடுக்கிறது, குடல் புற்றில் 17பி இழப்போடு மறுபிரதியில் மாற்றம் இருக்கிறது என்று இரண்டு பக்கமிருந்தும் தெரியவந்தது. ‘குவிந்து கிடக்கிறதே, ஏன்’ என்ற உங்கள் குழப்பத்துக்கு மரியாதையான முன்னோர்கள் உண்டு.

மாறிய பி53-க்குப் புதுக் கெட்ட குணம் வருகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் அதிகம். மைலாய்ட் புற்றுகளில் 2019-இல் வந்த விரிவான ஆய்வு, டாமினன்ட் நெகட்டிவ் மட்டுமே தேர்வை விளக்கப் போதும் என்று காட்டியது. திடக்கட்டிகளில் விவாதம் ஓயவில்லை.

இன்னொன்று. எல்லா மிஸ்சென்ஸும் ஒரே வழியில் கெடுப்பதில்லை. ஆர்248, ஆர்273 நேரடியாக டிஎன்ஏ-வைத் தொடும் விரல்கள், விரல் போனாலும் கையின் வடிவம் ஏறத்தாழ இருக்கும். ஆர்175ஹெச் துத்தநாக அயனியைப் பிடித்திருக்கும் கட்டமைப்பையே குலைக்கிறது. ஒய்220சி புரதத்தின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் தோண்டுகிறது. அந்தப் பள்ளத்தில் அமரும் மருந்து மூலக்கூறுகள் மருத்துவப் பரிசோதனையில் இருக்கின்றன. ஆகவே ரிப்போர்ட்டில் ‘டிபி53 மியூட்டேட்டட்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள், சரியான பெயர் எழுதுங்கள்.

வம்சாவளி

குடும்பத்தைக் கூப்பிட வேண்டுமா என்ற கேள்விக்கு: கூப்பிட வேண்டும், ஆனால் டிபி53-க்காக அல்ல.

சினைப்பையின் ஹை-கிரேடு சீரஸ் கட்டியில் உடலில் பின்னால் தோன்றிய டிபி53 மாற்றம் விதி, விலக்கு அல்ல. 2011-இல் டிசிஜிஏ என்ற புற்று மரபணுத் திட்டம் 316 கட்டிகளைப் படித்து 96%-இல் கண்டது. அதை வைத்து லி-ஃப்ரௌமெனி என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். இந்தக் கட்டி என்று தெரிந்ததும் கேட்க வேண்டியது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 பிறவிப் பரிசோதனை, வயதோ குடும்ப வரலாறோ எதுவானாலும். பிஆர்சிஏ1-உம் கட்டி அடக்கிதான், அதே 17-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், 17க்யூ21-இல். இந்தக் கட்டிகளில் குரோமோசோம் 17-இன் ஒரு முழுப் பிரதியே போவது வழக்கம். பிறவியில் ஒரு பிஆர்சிஏ1 கெட்டவருக்கு அந்த ஒரே இழப்பில் டிபி53-இன் மறுபிரதியும் பிஆர்சிஏ1-இன் மறுபிரதியும் சேர்ந்து போய்விடும்.

டிபி53 பிறவிச் சந்தேகம் எழ வேண்டிய இடங்கள் வேறு: குழந்தைப் பருவ அட்ரினல் கார்டெக்ஸ் கட்டி, கோராய்ட் பிளெக்சஸ் கார்சினோமா, 31 வயதுக்கு முன் மார்பகப் புற்று, இளம் வயது சார்கோமா, ஒருவருக்கே பல முதன்மைப் புற்றுகள். அப்போது இரத்தம் எடுத்தாலும் உஷார். வயதானவரின் இரத்தத்தில் டிபி53 மாற்றம் 10–30% விஏஎஃப்-இல் வந்தால் அது பிறவி இல்லாமல், இரத்த ஸ்டெம் செல்களில் வயதோடு வளர்ந்த குளோனாக இருக்கலாம், கீமோ எடுத்தவர்களில் குறிப்பாக. எச்சிலில் பார்த்தாலும் தீராது, எச்சிலில் வெள்ளணுக்கள் ஏராளம். தோல் துணுக்கு எடுத்து ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்த்து அதில் பார்ப்பதுதான் சந்தேகம் தீர்க்கும். பிள்ளைகளில் யாருக்காவது அதே மாற்றம் இருந்தால் அதுவும் தீர்ப்பு.

சும்மா ஆர்வத்துக்குத் தோண்டும் விஷயம் இல்லை இது. உண்மையான பிறவி டிபி53 என்றால் மாற்று வழி இருக்கும் இடத்தில் கதிர்வீச்சைத் தவிர்ப்பார்கள், ஆண்டுக்கொருமுறை முழு உடல் எம்ஆர்ஐ. தவறாகச் சொன்னாலும், சொல்லாமல் விட்டாலும் விலை உண்டு.

பேத்_மாணவி

ஒரு துணைக் கேள்வி. இதே ‘பழுப்பு என்றால் கெட்டது’ என்ற வாசிப்பை பி16-க்கும் வைக்கலாமா? அதுவும் கட்டி அடக்கிதானே.

பழைய_நுண்ணோக்கி

கூடாது, அங்கே தர்க்கம் வேறு. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பி16 சீராக அடர்த்தியாக ஏறும், ஆனால் அதன் மரபணுவான சிடிகேஎன்2ஏ-வில் மாற்றமே இருக்காது. ஹெச்பிவி-யின் ஈ7 புரதம் ஆர்பி-யை முடக்குகிறது. ஆர்பி-யின் பிடி விட்டதும் பி16 கட்டுக்கடங்காமல் உருவாகிறது. தடை போடத்தான் வருகிறது, ஆனால் தடை போட வேண்டிய ஆள் ஏற்கெனவே இல்லை. அதே வைரஸின் ஈ6, பி53-ஐ அழிவுக்கு அனுப்பிவிடுவதால் அங்கே டிபி53-ஐ மாற்றியமைக்க வேண்டிய அவசியமே கட்டிக்கு இல்லை. ஸ்டெயினும் இயல்பு அல்லது மங்கல் வடிவத்தில்தான் இருக்கும். கர்ப்பப்பை வாயில் பி53 நல் வடிவமோ அதிக வெளிப்பாடோ பார்த்தால், இது ஹெச்பிவி சாராத கட்டியா, மேலே எண்டோமெட்ரியத்திலிருந்து இறங்கியதா என்று யோசியுங்கள்.

பி16 வெறுமையாக இருப்பதும் ஒன்றும் சொல்லாது, எத்தனையோ நல்ல திசுக்களில் அது வெறுமைதான். சிடிகேஎன்2ஏ இரு பிரதியும் அறுந்ததா என்று மீசோதீலியோமாவில் கேட்டால், 9பி21-இல் பக்கத்து வீட்டு மரபணுவான எம்டிஏபி-யின் ஸ்டெயினைப் பாருங்கள். சேர்ந்தே அறுபடும், ஆனால் எப்போதும் அல்ல. சைட்டோபிளாசத்தில் எம்டிஏபி நிறம் இல்லாமல் போயிருந்தால் அறுபடல் என்று தைரியமாகச் சொல்லலாம். இருந்தால் அறுபடவில்லை என்று சொல்ல முடியாது, ஃபிஷ் (ஒளிரும் புரோபால் பிரதிகளை எண்ணும் சோதனை) போட வேண்டும்.

அல்லீல்

குறைந்த விஏஎஃப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் கேட்பீர்கள், இப்போதே போட்டுவைக்கிறேன். ஃபார்மலின் பிளாக்கில் சைட்டோசின் அமினோ குழுவை இழந்து யுராசில் ஆகும், சீக்வென்சரில் சி>டி, ஜி>ஏ என்று போலி மாற்றமாகத் தெரியும். பெரும்பாலும் 5 சதவீதத்துக்குக் கீழ், டிஎன்ஏ குறைவான பழைய பிளாக்கில் 10 வரைகூட. லைப்ரரிக்கு (சீக்வென்சிங்குக்கான டிஎன்ஏ தயாரிப்பு) முன் யுடிஜி என்சைம் போட்டால் யுராசில் வெட்டப்பட்டுச் சுத்தமாகும் என்பார்கள். உண்மை, ஒரு இடம் தவிர: சிபிஜி-யில் (சி-யை அடுத்து ஜி வரும் இடத்தில்) இருக்கும் சைட்டோசின் மெத்தில் பூசியது, அது அமினோவை இழந்தால் யுராசில் ஆகாது, நேரடியாகத் தைமின் ஆகும். யுடிஜி-க்குத் தைமின் தெரியாது. டிபி53-இன் 175, 248, 273, 282 கோடான்கள் எல்லாம் சிபிஜி. அதாவது உண்மை ஹாட்ஸ்பாட்டும், யுடிஜி துடைக்காத போலியும் ஒரே முகவரி. ஆகவே பழைய பிளாக்கில் ஆர்175ஹெச் 3% என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். அதே பிளாக்கிலிருந்து இன்னொரு டிஎன்ஏ பிரித்து, இன்னொரு லைப்ரரி செய்து, இரண்டிலும் வந்தால் எழுதுங்கள். அந்தப் பகுதியில் பி53 ஸ்டெயினும் சிறு கூட்டமாக அடர்த்தியாக இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டு விதிவிலக்குக் கையொப்பங்கள்: ஆர்249எஸ் ஜி>டி மாற்றம், கல்லீரல் கட்டியில் அஃப்ளடாக்சின் பி1-இன் முத்திரை. தோல் கட்டியில் சிசி>டிடி இரட்டை மாற்றம் புற ஊதாக் கதிரின் முத்திரை. இவை ஃபார்மலின் செய்யும் வேலை இல்லை.

பேத்_மாணவி

பி பிளாக்கை ஐஜிவி-யில் திறந்தேன். எக்ஸான் 6 ஓரத்தில் ஏறத்தாழ கால்பங்கு ரீடுகளின் வால் ஒரே புள்ளியில் வெட்டுப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்ட எழுத்துகள் 37 எழுத்து தள்ளி எக்ஸானுக்குள்ளேயே பொருந்துகின்றன. பேனல் கேப்சர் வகை என்று லேபில் சொன்னார்கள்.

அல்லீல்

37 எழுத்து டிலீஷன், மூன்றால் வகுபடாதது, ஆக ஃபிரேம்ஷிஃப்ட். ஆர்என்ஏ பாதியில் ஸ்டாப் கண்டு சிதைக்கப்படும், புரதம் இல்லை, நல் வடிவம். ஸ்டெயின் சொன்னது சரி.

கால்பங்கு என்பதை விஏஎஃப் என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். டிலீஷன் ஓரத்தில் குறைந்த எழுத்துகளே தொங்கும் ரீடுகளை அலைனர் இயல்பாகவே ஒட்டிவிடும், கேப்சர் புரோபும் அந்தப் பிரதியைச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். ஆக உண்மை எண் இதைவிட அதிகம். 50% கட்டிச் செல்லில் மறுபிரதி அறுந்திருந்தால் 0.5 ÷ 1.5 = 33% வர வேண்டும். லோக்கல் அசெம்பிளி செய்யும் காலரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

உறுதி செய்ய சாங்கர் சீக்வென்சிங்: டிலீஷனின் இரு பக்கமும் குறைந்தது 80–100 எழுத்து தள்ளி பிரைமர், மொத்தம் 250-க்குள், ஃபார்மலின் டிஎன்ஏ-வில் அதைவிட நீளம் பெருகாது. முதலில் ஜெல்லில் ஓட்டினால் 37 எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பட்டை தெரியும். கீழ்ப்பட்டையை வெட்டியெடுத்துச் சீக்வென்ஸ் செய்தால் கலப்புச் சிக்கல் இல்லாமல் முறிவுப் புள்ளி சுத்தமாக வரும். பிசிஆரில் சிறிய துண்டு வேகமாகப் பெருகும், ஆகவே பட்டையின் அடர்த்தியை வைத்து விகிதம் கணிக்காதீர்கள். பெயர் எழுதும்போது ஓரத்தில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகள் இருந்தால் டிலீஷனை மரபணுவின் 3' பக்கம் முடிந்தவரை தள்ளித்தான் எழுத வேண்டும். டிபி53 எதிர் இழை என்பதால் திரையில் அது இடது பக்கம்.